தேக்கு அலமாரியில் பிளாஸ்டர் பூவேலை: ஒட்டுவதற்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பாட்டியின் தேக்கு அலமாரிக் கதவுகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த கொடியும் பூவும் பதிக்க ஆசை. சிலிகான் அச்சில் வார்ப்பது நன்றாகவே வருகிறது. எடையில் இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் மாவைத் தூவுகிறேன். முதலில் கொஞ்சம் கலவையைத் தூரிகையால் அச்சுக்குள் தடவிவிட்டு மீதியை ஊற்றினால் இதழ் ஓரங்களில் குமிழி அதிகம் விழுவதில்லை. புதிதாகச் செய்பவர்களுக்கு இது உதவும்.

சிக்கல் ஒட்டுவதில்தான். பழைய பாலிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு ஃபெவிகால் போட்டால் போதுமா, எபாக்சி (இரண்டு கூறுகளைக் கலந்து போடும் பசை) வேண்டுமா? மழைக்காலத்தில் கதவுப் பலகை உப்பும், வெயிலில் சுருங்கும். பிளாஸ்டர் அதற்கு வளைந்து கொடுக்காது. பலகை இணைப்பின் மேல் வரும் நீளக் கொடி விரிசல் விடுமோ என்பதே என் பெரிய கவலை. துண்டு துண்டாக ஒட்டி, இடைவெளியை மக்கு வைத்து மூடலாமா?

அப்புறம், வண்ணம் பூசும் முன் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) அடிப்பதா, பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிப்பதா? வீடு கடற்கரைக்குப் பக்கம், ஈரக் காற்று அதிகம். இப்படிச் செய்து ஓரிரு மழைக்காலம் பார்த்தவர்கள் அவசியம் எழுதுங்கள். படம் இருந்தால் அதையும் போடுங்கள்.