ஞாயிற்றுக்கிழமை ரொட்டி விற்காததால்தான் தொங்கா ஏழை நாடா?

தென்கடல்வாசி

சென்ற வாரம் இன்னொரு திரியில் கணக்குப்பிள்ளை எழுதியதை அப்படியே தருகிறேன்: "டோங்கா முன்னேறாததற்குத் தேவாலயம்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ரொட்டி கூட விற்க முடியாத நாட்டில் எவன் முதல் போடுவான்?" இதற்கு முப்பது பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். அந்த முப்பது பேரில் ஒருவராவது தென்பசிபிக் தீவு நாடான தொங்காவின் தலைநகர் நுக்குஅலோஃபாவில் கால் வைத்திருப்பாரா?

நான் 2013 முதல் 2017 வரை அங்கே ஓர் இறக்குமதிக் கடையில் கணக்கெழுதினேன். என் வீட்டுக்கு நான்காவது கட்டடம் அடுமனை. ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

1875ஆம் ஆண்டு முதலாம் ஜார்ஜ் துப்போ மன்னர் தந்த அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, ஓய்வுநாளில் தொழிலும் வியாபாரமும் கூடாது என்கிறது. கூடவே, சட்டம் இடம் தந்தால் தவிர என்றும் சொல்கிறது. அந்த இடத்தைத்தான் 1982இல் தந்தார்கள். ஐசக் புயல் தீவுகளைச் சுருட்டிப் போட்ட ஆண்டு அது. மக்கள் பசியாற வேண்டும் என்று அடுமனைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விலக்கு கிடைத்தது. புயல் போனது, விலக்கு போகவில்லை. 2016 ஜூலையில்தான் அரசு அதை நிறுத்தியது. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை ரொட்டி விற்ற நாடு அது. ரொட்டிதான் வளர்ச்சிக்குச் சாவி என்றால் அந்த 34 ஆண்டுகளில் தொங்கா இன்னொரு சிங்கப்பூராக ஆகியிருக்க வேண்டும். ஆனதா?

கணக்குப்பிள்ளை

நான்கு ஆண்டு அங்கே இருந்தவருக்கு நாலும் தெரியும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. நான் இருபத்தாறு ஆண்டுகளாகத் தணிக்கை செய்கிறேன். வாரத்தில் ஒரு நாள் கதவடைத்தால் ஆண்டுக்கு 52 நாள். வாடகை 365 நாளுக்கும் ஓடுகிறது. கடன் வட்டி 365 நாளுக்கும் ஓடுகிறது. இதைப் புரிந்துகொள்ள நுக்குஅலோஃபாவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. ஏறினாலும் ஞாயிற்றுக்கிழமை போய் இறங்க முடியாது, அன்று விமான நிலையமும் மூடியிருக்கும்.

அது சரி, 34 ஆண்டுகள் விற்றது என்கிறீர்களே, முழு நாள் விற்றதா, மாலையில் மட்டுமா?

தென்கடல்வாசி

என் தெரு அடுமனை மாலையில் திறந்தது. அதற்கென்ன இப்போது?

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தெருவை நீங்கள் பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டீர்கள். மாலை ஆராதனை முடிந்து, இடுப்பில் தாஓவாலா பாய் கட்டியபடியே ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். குழந்தைகள் வெறுங்காலோடு முன்னால் ஓடுவார்கள். அறுக்காத நீளமான ரொட்டி, காகிதத்தில் சுற்றித் தருவார்கள். வீட்டுக்குப் போவதற்குள் ஒரு முனையைக் குழந்தைகள் பிய்த்துத் தின்றிருப்பார்கள். 2016 ஜூலைக்குப் பிறகு அதே வரிசையைச் சனிக்கிழமை இரவு பார்த்தேன், இரண்டு மடங்கு நீளத்தில். ஒன்று வாங்கியவர்கள் இரண்டு வாங்கினார்கள். விற்பனை நாள் மாறியது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை

ஆக, மாலையில் மட்டும்தான். அதையும் ஞாயிறு வியாபாரம் என்று 34 ஆண்டுக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். அது அரை நாள் கணக்கு.

சனிக்கிழமை வாங்கிய ரொட்டியும் ஞாயிற்றுக்கிழமை வாங்கும் ரொட்டியும் ஒன்றல்ல. முதல் நாள் ரொட்டி மறுநாள் மாலைக்குக் காய்ந்துபோகும். அந்த ஈரமான தட்பவெப்பத்தில் பூசணமும் பிடிக்கும். பாதிப் பேர் வாங்காமலே விட்டுவிடுவார்கள். அடுப்புக்காரனுக்கு ஒரு நாள் கூலி போகும்.

மலர்விழி, ஆக்லாந்து

இருவரும் ரொட்டியை விட்டு இறங்குவீர்களா? நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் பெண்களில் ஐந்து பேர் தொங்காவிலிருந்து வந்தவர்கள். வீட்டில் எதை மிச்சம் பிடித்தாலும் மிசினாலேக்கு மட்டும் குறை வைக்க மாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சபைக்குத் தரும் காணிக்கை அது. குடும்பத்தின் பெயரையும் தொகையையும் எல்லார் முன்னிலும் உரக்கப் படிப்பார்கள். போன ஆண்டைவிடக் குறைந்தால் அந்தக் குடும்பம் தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

என் தோழி ஒருத்தி அதற்காகக் வட்டிக்கடை ஒன்றில் கடன் எடுத்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் இரட்டைப் பணி பார்த்தாள். மதிய உணவுக்குக் கொதிநீரில் போட்ட நூடுல்ஸ்தான். நான் சாம்பார் சாதம் கொண்டுபோய்ப் பங்கு வைப்பேன். தேவாலயம் நாட்டைச் சுரண்டுகிறதா என்றால் இங்கே பாருங்கள், ரொட்டியில் அல்ல.

தென்கடல்வாசி

மலர்விழி அம்மா, உங்கள் தோழியின் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. மிசினாலே நாளில் சபையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் படிக்கும்போது முகங்கள் எப்படி மாறும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டாமா? தொங்காவில் மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை சபைகள் நடத்துபவை. வெஸ்லியன் சபையின் துப்போ கல்லூரி 1866இல் தொடங்கியது. ஒரு லட்சம் பேர், ஏறக்குறைய 170 தீவுகள், அவற்றில் ஆள் வாழ்வது ஏறக்குறைய நாற்பதில். அரசு ஒவ்வொரு தீவிலும் பள்ளி கட்டி ஆசிரியர் அனுப்பியிருக்குமா?

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கிறது. ஆக்லாந்தில் பிறந்த பிள்ளைகூட ஊருக்குப் பணம் அனுப்புகிறது. அந்தக் கட்டுப்பாட்டைக் கட்டிக் காப்பது எது? சபைதான். உங்கள் தோழி சபையை விட்டு விலகினால் ஊருக்கு அனுப்பும் பணமும் பத்தாண்டில் நின்றுவிடும்.

மலர்விழி, ஆக்லாந்து

அம்மா என்று அழைக்க வேண்டாம், எனக்கு முப்பத்தெட்டு வயது. கடன் வாங்கித் தருவதைக் கட்டுப்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் பிள்ளை படிப்பது இங்கே ஆக்லாந்தில், அரசுப் பள்ளியில். துப்போ கல்லூரியால் அவளுக்கு என்ன லாபம்?

நூலடுக்கு

ஒரு கேள்வி. இங்கே எல்லாரும் வளர்ச்சி, வளர்ச்சி என்கிறீர்கள். எதை? தலைக்கு வருமானமா, படிப்பா, ஆயுளா, கடனில்லாமல் இருப்பதா? அதை முடிவு செய்யாமல் தேவாலயம் தடையா துணையா என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. காணிக்கைக்குக் கடன் வாங்குவது ஆக்லாந்தில் தொடங்கியது அல்ல. ஷெர்லி பேக்கர் என்ற வெஸ்லியன் போதகர்தான் 1875 அரசியலமைப்பை எழுத மன்னருக்கு உதவியவர். பிறகு 1880இல் பிரதமரும் ஆனார். அவர் காலத்தில் ஹாம்பர்க்கின் கோடெஃப்ராய் வணிக நிறுவனம் காணிக்கைக் கூட்டத்துக்கு முன்பணம் தரும், மக்கள் அதைக் கொப்பரையாகத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. போதகருக்குக் காணிக்கை, வணிகருக்குக் கொப்பரை, தென்னை ஏறியவனுக்குக் கடன். அங்கே மதமும் வியாபாரமும் என்றைக்குமே தனித்தனியாக இருந்ததில்லை.

கணக்குப்பிள்ளை

பார்த்தீர்களா, நூலடுக்கே சொல்லிவிட்டார். அந்த 6ஆம் பிரிவை எழுதியதில் ஒரு வெள்ளைக்காரப் போதகரின் கை இருக்கிறது. அதைத்தான் தென்கடல்வாசி தொங்காப் பண்பாடு என்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்.

ரொட்டிக்கு வாருங்கள். அரை நாள் விற்பனையை 34 ஆண்டு என்று சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நூலடுக்கு

நான் அப்படிச் சொல்லவில்லை. வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டேன்.

எழுத்தாணி

நடுவில் நுழைவதற்குப் பொறுக்கவும். கணக்குப்பிள்ளை "டோங்கா" என்கிறார், தென்கடல்வாசி "தொங்கா" என்கிறார். இரண்டும் தவறு. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லில் ககர ஒலியே கிடையாது. ஙகரம் மட்டும்தான். "தொஙா" என்று எழுத வேண்டும். ஆங்கிலேயன் அந்த ஒலிக்கு இரண்டு எழுத்தைச் செலவழிக்கிறான். நம்மிடம் அதற்கென்றே தனி எழுத்து இருக்கிறது. அங்ஙனம், இங்ஙனம் போன்ற சில சொற்களைத் தவிர, உயிர்மெய்யாக வேறெங்கும் வேலையில்லாமல் கிடக்கும் எழுத்துக்கு வேலை கிடைத்தும் நீங்கள் தர மறுக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை

பத்திரிகைகளில் டோங்கா என்றுதான் எழுதுகிறார்கள். மொரீஷியஸ் திரியிலும் இப்படித்தான் ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதிவு ஓட்டினீர்கள். எனக்கு மறக்கவில்லை.

தென்கடல்வாசி

எழுத்தாணி சொல்வது சரி. அங்கே காதால் கேட்டவன் நான். ஆனால் தொஙா என்று எழுதினால் இங்கே எவரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள், அதனால் தொங்கா.

கணக்குப்பிள்ளைக்கு: மாலையில் திறந்தாலும் விற்பனை விற்பனைதான். ஏழு நாளும் அடுப்பு எரிந்தது. 34 ஆண்டுகள் எரிந்தது. நாடு ஏன் முன்னேறவில்லை என்று கேட்டேன், கடிகாரத்தைக் காட்டுகிறீர்கள்.

காரணம் வேண்டுமா, நான் சொல்கிறேன். ஆக்லாந்திலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் கடல். ஒரு பெட்டி மாவு வந்து இறங்குவதற்குள் சரக்குக் கட்டணம் விலையைத் தின்றுவிடும். நிலத்தை விற்க அரசியலமைப்பே தடை போடுகிறது. 16 வயதான ஆண்பிள்ளைக்கு எட்டே கால் ஏக்கர் கேட்கும் உரிமை உண்டு, கொடுக்கத்தான் நிலமில்லை. பெண்களுக்கு அந்த உரிமையும் இல்லை. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானுக்குப் பூசணி ஏற்றுமதி தொடங்கியது. ஜப்பானில் காய் இல்லாத அந்தச் சில வாரங்களை நம்பித்தான் மொத்தத் தோட்டமும். விலை சரிந்ததும் விவசாயி சரிந்தான். 2006 நவம்பர் 16 அன்று கலவரத்தில் தலைநகரின் கடைத்தெரு எரிந்தது, எட்டுப் பேர் செத்தார்கள். சீனர் கடைகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். மீண்டும் கட்ட வாங்கியதும் சீன வங்கிக் கடன். நான் வேலை செய்த கடையின் பின்சுவரில் அந்தக் கரி நான் போனபோதும் போகவில்லை. சுண்ணாம்பு அடித்தால் மழைக்காலத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும். முதல் போட வருகிறவன் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் யோசிப்பான். ஞாயிற்றுக்கிழமை மூடிய கதவைப் பார்த்து அல்ல.

வழிப்போக்கன்

சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டாடும் அட்வெண்டிஸ்டுகளும் அங்கே இருக்கிறார்களே? அவர்கள் சனிக்கிழமை மூடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கலாமே. இரண்டு தரப்புக்கும் சிக்கல் தீர்ந்தது.

தென்கடல்வாசி

ஐயா, தெரியாவிட்டால் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். தொங்காவின் அட்வெண்டிஸ்டுகள் ஞாயிற்றுக்கிழமைதான் ஆராதிக்கிறார்கள். நாடு இருப்பது 180 பாகை தீர்க்கக் கோட்டுக்குக் கிழக்கே. நாள் மாறும் இடமான தேதிக்கோட்டைத்தான் நாட்டுக்காக வளைத்துக் கிழக்கே தள்ளியிருக்கிறார்கள். கோட்டை வளைக்காவிட்டால் தொங்காவின் ஞாயிறு உண்மையில் சனி என்பது அவர்கள் கணக்கு.

வழிப்போக்கன்

மனிதன் போட்ட கோட்டை வைத்து ஆண்டவன் நாளை முடிவு செய்கிறார்களா? எங்கள் தெருவிலேயே ஓர் அட்வெண்டிஸ்ட் குடும்பம் இருக்கிறது, அவர்கள் வெள்ளிக்கிழமை மாலையே அடுப்பை அணைத்துவிடுவார்கள். நீங்கள் சொல்வது நம்பும்படியாக இல்லை.

தென்கடல்வாசி

நான் என்ன கதையா கட்டுகிறேன்? உங்கள் தெரு 180 பாகையில் இல்லை.

கணக்குப்பிள்ளை

சுவர், பூசணி, தேதிக்கோடு, எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஓட்டல்களும் உல்லாச விடுதிகளும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுக்காரனுக்குச் சமைத்துப் போடலாமாம். உள்ளூர் அடுமனைக்காரன் உள்ளூர்க் குழந்தைக்கு ரொட்டி விற்றால் குற்றமாம். பணம் வைத்திருப்பவனுக்கு ஒரு ஓய்வுநாள், இல்லாதவனுக்கு வேறொரு ஓய்வுநாளா? இதற்கு நான்கு ஆண்டு அனுபவம் என்ன சொல்கிறது?

மலர்விழி, ஆக்லாந்து

இந்தக் கேள்வி நியாயம். மிசினாலேக்கும் பதில் வரவில்லை.

தென்கடல்வாசி

அன்று உள்ளூர்க் குழந்தை பட்டினி கிடப்பதில்லை. விடியற்காலையிலேயே உமு மூட்டுவார்கள். குழியில் கல்லைப் பழுக்கச் சூடாக்கி, சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் வைத்துக் கட்டிய லூ பொட்டலங்களை அடுக்கி, மண் போட்டு மூடிவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள். திரும்பி வந்து திறக்கும்போது தெரு முழுக்க ஒரே மணம். எங்கள் வீட்டில் சமையல் இல்லை என்று பக்கத்து வீட்டுப் பாட்டி வாரம் தவறாமல் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவார். நான் சபையில் சேராதவன், இந்துவும் கூட. ஒரு நாளும் அவர் அதைக் கேட்டதில்லை. கடைகள் திறந்திருந்தால் அந்தப் பாட்டியின் மகன் கடையில் நின்றிருப்பான், குழி வெட்ட ஆள் இருந்திருக்காது. அந்த ஒரு நாளை எந்தத் தணிக்கைக்காரரும் விலை போட்டு எழுத முடியாது.

கணக்குப்பிள்ளை

லூ நன்றாகத்தான் இருக்கும். ஓட்டலுக்கு ஒரு சட்டம், அடுமனைக்கு ஒரு சட்டம் ஏன் என்று கேட்டேன். அரை நாள் 34 ஆண்டு எப்படி முழு 34 ஆண்டு ஆனது என்றும் கேட்டேன்.

எழுத்தாணி

லூவில் ஈற்று நெடில் சரி. உமுவும் சரி. நாட்டின் பெயரை மட்டும் மாற்ற மறுக்கிறீர்கள்.

தென்கடல்வாசி

முப்பத்து நான்கு ஆண்டுகள். 1982 முதல் 2016 வரை. கூட்டிப் பாருங்கள். சனிக்கிழமை இரவு அந்த வரிசையில் நின்றவன் நான், இரண்டு ரொட்டி வாங்கியவனும் நான். இரண்டாவது ரொட்டி ஞாயிறு மாலையிலும் மிருதுவாகத்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை

காய்ந்திருக்கும்.