நாடுகளின் போட்டி இல்லாதிருந்தால் ரொக்கெட் தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்திருக்குமா?

கல்லடி ஆசிரியை:
வணக்கம். மட்டக்களப்பில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். எங்கள் பாடசாலை விவாத அணி இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறது. வல்லரசுகளின் பகைமை ரொக்கெட்டுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தது என்பது பிள்ளைகளுக்கு விளங்குகிறது. பணத்துக்கு அப்பால், ரொக்கெட்டின் வடிவமைப்பிலேயே அந்தப் பகைமையின் தடம் இருக்கிறதா என்று ஒரு மாணவி கேட்டார். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

அக்கரைப்பற்று வாசகர்:
நிச்சயமாக இருக்கிறது ரீச்சர். சோவியத் ஒன்றியத்தின் ஆர்-7 ஏவுகணையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அமெரிக்காவுக்கு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் விமானத் தளங்கள் இருந்தன. சோவியத்துக்கோ அமெரிக்காவின் அருகில் எந்தத் தளமும் இருக்கவில்லை. அத்தோடு 1950களின் முற்பகுதியில் அவர்களின் அணுகுண்டுகள் மிகவும் பாரமானவை. ஆகவே ஏறத்தாழ 5.5 தொன் சுமையை 8000 கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுசெல்லும் ஏவுகணையைச் செய்யும் பொறுப்பு சோவியத்தின் தலைமை ரொக்கெட் வடிவமைப்பாளரான கொரொலியோவிடம் வந்தது.

அவ்வளவு உந்துவிசைக்கு ஒரே பெரிய தகன அறையை அமைத்தபோது, எரிதல் சீராக நிகழாமல் அறையே சிதறுமளவுக்கு அதிர்ந்தது. இயந்திரங்களை வடிவமைத்த குளுஷ்கோ, ஒரே பம்பியிலிருந்து நான்கு சிறிய அறைகளுக்கு மண்ணெண்ணெயையும் திரவ ஒட்சிசனையும் ஊட்டும் வழியைத் தேர்ந்தார். மேலே சென்றபின் இயந்திரத்தைப் பற்றவைப்பதில் அன்று நம்பிக்கை இல்லாததால், நடுத் தொகுதியும் அதைச் சூழ்ந்த நான்கு தொகுதிகளும் தரையிலேயே ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டன.

ஆயுதம் என்ற வகையில் ஆர்-7 பெரிதாகப் பயன்படவில்லை. எரிபொருள் நிரப்பவே பல மணித்தியாலம் பிடித்தது. ஆனால் குண்டுக்காகப் பெருத்த அதே உருவம்தான் 1957 ஒக்டோபர் 4 அன்று 83.6 கிலோகிராம் எடையுள்ள முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கையும், மறு ஆண்டு மே மாதம் 1300 கிலோகிராமுக்கு மேற்பட்ட ஸ்புட்னிக்-3ஐயும் விண்ணுக்கு ஏற்றியது. குண்டைச் சிறிதாக்கக் கற்றிருந்த அமெரிக்கருக்கு அத்தனை பெரிய ஏவுகணை தேவைப்படவில்லை. 1958 ஜனவரியில் அவர்கள் அனுப்பிய எக்ஸ்புளோரர்-1 செயற்கைக்கோள் ஏறத்தாழ 14 கிலோகிராம்தான். இன்று பறக்கும் சோயுஸ் ரொக்கெட்டும் ஆர்-7இன் வழித்தோன்றலே.

கல்முனை நூலகப் பிரியர்:
மேலே சொன்னதை மறுக்கவில்லை. எனினும் தொடக்கம் போட்டியிலிருந்து வரவில்லை என்பதையும் அணியினர் சொல்ல வேண்டும். ரஷ்யாவின் சியொல்கோவ்ஸ்கி ரொக்கெட்டின் வேகத்தைக் கணிக்கும் தன் சமன்பாட்டை 1903இல் வெளியிட்டதும், அமெரிக்காவின் கொடார்ட் 1926இல் முதல் திரவ எரிபொருள் ரொக்கெட்டை ஏவியதும் எந்த அரசின் பகைமைக்காகவும் அல்ல. பகைமை உள்ளே வந்தபின் என்ன நடந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியின் வி-2 ஏவுகணைகளைச் செய்த மிற்றல்பௌ-டோரா முகாமில் கைதிகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். எறிகணைச் சத்தத்தில் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, அந்தக் கைதிகளைச் சொல்லாத ரொக்கெட் வரலாறு குறையுள்ளதாகவே தெரிகிறது.

கல்லடி ஆசிரியை:
இருவருக்கும் மிக்க நன்றி. போட்டியே வளர்ச்சியைக் கெடுத்ததற்கும் சான்று உண்டா?

அக்கரைப்பற்று வாசகர்:
உண்டு. சோவியத்தின் நிலவு ரொக்கெட்டான என்-1ஐப் பாருங்கள். எந்த எரிபொருளைப் பயன்படுத்துவது என்பதில் கொரொலியோவும் குளுஷ்கோவும் முரண்பட்டுப் பிரிந்ததால், இயந்திரங்களைச் செய்யும் பணி விமான இயந்திர நிபுணரான குஸ்னெற்சோவிடம் போனது. முதற்கட்டத்தில் 30 இயந்திரங்கள். அமெரிக்காவை முந்தும் அவசரத்தில் அந்தக் கட்டம் முழுமையாகத் தரையில் சோதிக்கப்படவேயில்லை. 1969 முதல் 1972 வரை ஏவிய நான்கும் தோல்வி. குஸ்னெற்சோவ் அதற்காக மேம்படுத்திய இயந்திரங்களோ உலகத் தரமானவை. பல ஆண்டுகள் களஞ்சியத்தில் கிடந்த அவற்றைப் பின்னாளில் அமெரிக்க நிறுவனமே வாங்கியது; 2013இல் அவை அமெரிக்காவின் அன்ராரெஸ் ரொக்கெட்டில் பறந்தன.