உள்ளூர் எழுத்தாளரின் நாவலை எல்லோருமாக வாசித்தபோது: உங்கள் அனுபவம் என்ன?

எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே புத்தகத்தை வாசிக்கும் திட்டத்தில், அதை எழுதியவரும் உள்ளூர்க்காரர் என்றால் கதையை விட்டுவிட்டு ஆள் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கள் நூலகத்தில் முதல் கூட்டம் முழுக்க அப்படித்தான் போனது. நாவலில் அக்கா ஒருத்தி தம்பியின் பங்கையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்வாள். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "எங்க வீட்டுக் கதையை இவருக்கு யார் சொன்னது?" என்றார். பக்கத்திலேயே இன்னொருவர், "இல்லைங்க, அது எங்க கதை" என்றார். எழுத்தாளர் பாவம், தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். முழுக்கக் கற்பனை என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. உங்கள் பக்கம் எப்படி?

*

முதல் கூட்டத்துக்கே எழுத்தாளரைக் கூப்பிட்டால் இதுதான் நடக்கும். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, "நடுவில் கொஞ்சம் இழுவை" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நாளைக்குத் தெருவில் பார்த்தாக வேண்டுமே! நாங்கள் அவரைக் கடைசிக் கூட்டத்துக்கு மட்டும்தான் அழைத்தோம். அதற்குள் வாசகர்கள் தங்களுக்குள் நன்றாகச் சண்டை போட்டு முடித்திருந்தார்கள். வந்தவரிடம் ஒரு கல்லூரி மாணவி எடுத்த எடுப்பில் கேட்டாள்: "தாத்தா சாகிறதை ஏன் அரைப் பக்கத்தில் முடித்தீர்கள்?" முதலில் அது தனி அத்தியாயமாகவே இருந்ததாம். பதிப்பாசிரியர் சொல்லி வெட்டினாராம். சொன்னதோடு நிற்காமல், மறுவாரம் அந்தக் கையெழுத்துப் பிரதியையே நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வெட்டியது சரியா, தப்பா என்று அதற்கு வேறு ஒரு தனிக் கூட்டம். எழுத்தாளர் வெளியூரில் இருந்தால் இதெல்லாம் நடக்கிற காரியமா?

(வெட்டியது சரிதான் என்பது என் கட்சி. அந்த மாணவி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.)

*

கூட்டம் கிடக்கட்டும், புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் தேர்வுக் குழுவில் இருந்தவன். "இங்கே அவர் ஒருவர்தான் எழுதுகிறாரா?" என்று கேட்டவர்களில் பாதிப் பேர் எழுத்தாளர்கள்! இது நமக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. ஊரே ஒரே புத்தகத்தை வாசிப்பது என்பது 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் பொது நூலகத்தில் நூலகர் நான்சி பேர்ல் தொடங்கிவைத்த யோசனை. 2001இல் சிகாகோ எடுத்துக்கொண்டது. 2002இல் நியூயார்க் முயன்றபோது எந்தப் புத்தகம் என்பதிலேயே குழு இரண்டாகப் பிளந்துவிட்டது. அவ்வளவு பெரிய நகரத்துக்கே அந்தக் கதி என்றால் நாங்கள் எம்மாத்திரம்! சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2005இல் இதைத் தொடங்கியபோது நான்கு ஆட்சிமொழிகளிலும் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், தமிழ் உட்பட. ஒரே தலைப்பைக் கட்டிக்கொண்டு அழாத அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்களும் கடைசியில் நாவலை விட்டுவிட்டு, அதே எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்புக்கு மாறினோம். வாசிக்க நேரமே இல்லை என்று சொன்னவர்கள்கூட ஒரு கதையைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசினார்கள்.

*

எங்களுக்குப் பிரதிதான் பிரச்சினை. பதிப்பகத்தில் கையிருப்பே இல்லை. நூலகத்தில் இருந்த கொஞ்சம் பிரதிகளே கை மாறிக்கொண்டிருந்தன. நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது சரி. ஆனால் எனக்கு வந்த பிரதியில் ஆற்றைக் கடக்கும் காட்சிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால், "அப்போது இங்கே பாலமே கிடையாது" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே நடுங்கிய கையெழுத்தில், "இருந்தது. மரப்பாலம். வெள்ளத்தில் போனது." அதற்கும் கீழே பச்சை மையில், "வெள்ளத்தில் போகவில்லை, பிரித்து விறகாக்கினார்கள். என் மாமாவும் உடந்தை." நான் கதையை விட்டுவிட்டு ஓரங்களைத்தான் முதலில் படித்து முடித்தேன். நூலகர் அழிக்கப் பார்த்தார், விடவில்லை.

விஷயம் எழுத்தாளர் காதுக்குப் போய், அந்தப் பிரதி தனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வரிசையில் அவருக்கு முன்னால் இன்னும் ஆள் இருக்கிறது.