மாஸ்கோ மெட்ரோவில் உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்?

திருச்சிக்காரன்:
நாய் சிலைதான். பிளோஷத் ரெவல்யூட்சி ஸ்டேஷனில் எல்லைக் காவலர் சிலை பக்கத்தில் உட்கார்ந்திருக்குமே, மூக்கு மட்டும் தங்கமாய்ப் பளபளக்கும், அதேதான். வேறு ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன், ஊர் திரும்பும் வழியில் மாஸ்கோவில் ஒரு பகல் கிடைத்தது, மேலே எலும்பை உருக்கும் குளிர், சரி, கீழேயே சுற்றுவோம் என்று இறங்கிவிட்டேன். வெளியே வராதவரை ஒரே டிக்கெட் போதும், நாள் முழுக்க ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிப் பார்க்கலாம். தொட்டால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை, ரயிலுக்கு ஓடுகிறவர்கள் போகிற போக்கில் அந்த மூக்கை ஒரு தடவு தடவிவிட்டு ஓடுவார்கள். அன்றைக்கு ஒரு அம்மா வந்தார். பையைக் கீழே வைத்தார், கையுறையைக் கழற்றினார், மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு ரயில் வந்து போய்விட்டது, அடுத்ததும் வந்துவிட்டது, கையை எடுக்கவில்லை, நம் ஊர் சன்னதியில் நிற்பார்களே அப்படி. அப்புறம் என்னைப் பார்த்து, உனக்கு எதுவும் வேண்டாமா என்று கேட்டார். கேமராவைப் பிடித்தபடி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்.

பொள்ளாச்சி:
திருச்சி, அப்பா விஷயம் படித்து மனசு கனத்துப் போச்சு. ஆனாலும் அந்த மூக்கை எல்லோரும் தேய்ப்பது எனக்குப் பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். 1938-இல் திறந்த ஸ்டேஷன், மனீசர் என்ற சிற்பி செய்த 76 வெண்கல உருவங்கள், ஆசையாய்த் தடவித் தடவியே அதைக் கரைக்கிறோம்.

என் கதை சின்னது. அர்பாத்ஸ்காயாவில் நில், வந்துவிடுகிறேன் என்று புதிதாக வந்த ஜூனியர் பெண்ணிடம் சொன்னேன். அந்தப் பெயரில் இரண்டு ஸ்டேஷன் உண்டு, ஒன்று மெட்ரோ வரைபடத்தின் கருநீலக் கோட்டில், ஒன்று வெளிர்நீலக் கோட்டில். நான் கீழே கருநீலத்தில் நிற்கிறேன், அவள் வெளிர்நீலத்தின் நட்சத்திர வடிவக் கட்டடத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் பனியில், போனில் சார்ஜ் இல்லாமல். கண்டுபிடித்தபோது இமை முடியெல்லாம் வெள்ளை. "அண்ணா, நீங்க சொன்ன இடம் இதுதானே?" என்றாள், கோபமே இல்லாமல்.

அதனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், பெயரை மட்டும் நம்பாதீர்கள், கோட்டின் நிறத்தையும் கேளுங்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், உள்ளே நடந்தே ரயில் மாறக்கூடிய இடம் ஒன்றுதான், ஆனால் கோட்டுக்குக் கோடு வேறு பெயர் இருக்கும், நாய் இருக்கிற ஸ்டேஷனிலிருந்து நடந்தால் தியத்ரால்னயா, அதற்கும் அந்தப் பக்கம் அகோத்னி ரியாத். திசை குழம்பினால் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள், ஊர் நடுவை நோக்கிப் போகிற ரயிலில் ஆண் குரல், வெளியே போகிறதில் பெண் குரல், வட்டக் கோட்டில் கடிகாரச் சுற்றுக்கு ஆண், எதிர்ச் சுற்றுக்குப் பெண். எஸ்கலேட்டரில் வலது பக்கம் நில்லுங்கள். மாயகோவ்ஸ்காயா ஸ்டேஷனில் கட்டாயம் நின்று அண்ணாந்து பாருங்கள், கூரைக் குழிகளுக்குள் தெய்னேகா என்ற ஓவியரின் மொசைக் ஓவியங்கள், விமானமும் பாராசூட்டுமாக ஒரு முழுநாள் வானம் இருக்கிறது, தலை தூக்காமல் நடந்தால் ஒன்றுகூடத் தெரியாது.

நெல்லை:
பொள்ளாச்சி, தேய்ந்தால் தேயட்டுமே. அந்த அம்மா மாதிரி ஒருவர் கை வைக்கத்தானே அது அங்கே இருக்கிறது. அதோடு அந்த ஸ்டேஷனில் நாய் ஒன்றல்ல, நாலு.

எனக்குப் பார்க் பபேதி ஸ்டேஷன். எஸ்கலேட்டர் 126 மீட்டர், மூன்று நிமிடம் நின்றுகொண்டே இறங்க வேண்டும். போய்ச் சேர்ந்த முதல் மாதம், ரஷ்ய மொழி ஒன்றும் பிடிபடவில்லை, பல நாளாய்த் தமிழ் காதில் விழவில்லை. நான் இறங்க, எதிரே ஏறி வந்த ஒரு அக்கா போனில், "சாப்பிட்டியா கண்ணு?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "அக்கா, எந்த ஊரு?" என்று கத்தினேன். திரும்பிச் சிரித்து ஏதோ சொன்னார், இரைச்சலில் கேட்கவில்லை, அதற்குள் விலகிவிட்டோம். கீழே போய் உடனே ஏறுகிற பக்கம் மாறி நின்றேன், மறுபடி மூன்று நிமிடம். மேலே யாரும் இல்லை.