முப்பதாயிரம் கட்டினால் அது இலவசமா?

பழைய ஹவில்தார்:
பட்ஜெட் திரியில் 'வரிகட்டி' என்பவர் போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறார்: "மிலிட்டரிக்காரர்களுக்குச் சாகும்வரை இலவச வைத்தியம். 2025-26 பட்ஜெட்டில் அதற்கு மட்டும் 8,317 கோடி. நம் வீட்டில் காய்ச்சல் வந்தால் நாம்தான் அழ வேண்டும்." நேற்று ராத்திரி படித்தேன், தூக்கம் போய்விட்டது. அதனால் தனித் திரியாகவே போடுகிறேன்.

இலவசம் என்று உங்களுக்கு யார் சொன்னது? 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கிய இசிஎச்எஸ், அதாவது முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதன் பெயரிலேயே 'பங்களிப்பு' இருக்கிறது. பெயர் வைத்தவன் முட்டாளா? சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய். நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000. அதிகாரிகளுக்கு 1,20,000. பணி முடிந்து வருகிறபோது கைக்கு வர வேண்டிய பணத்தில் இதைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். முப்பதாயிரம் வாங்கிக்கொண்டு கொடுப்பதற்குப் பெயர் இலவசமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

வரிகட்டி:
வணக்கம் ஐயா. தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிக்கவும். பதில் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. போன மாதம் அவருக்கு நான் கட்டிய இன்ஷூரன்ஸ் பிரீமியம் 41,000. ஒரு வருடத்துக்கு. அடுத்த வருடம் ஏறும். நீங்கள் சொல்கிற முப்பதாயிரம் ஒரே ஒரு தடவை. அதில் நீங்கள், உங்கள் மனைவி, படிக்கிற பிள்ளைகள், நம்பியிருக்கிற பெற்றோர் எல்லாரும் அடக்கம். திட்டத்தில் இருப்பவர்கள் 60 லட்சத்துக்கு மேல். 60 லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் தலைக்கு வருடம் 13,800 ரூபாய் அரசாங்கம் போடுகிறது. நாலு பேர் உள்ள குடும்பத்தில் உங்கள் முப்பதாயிரம் ஏழு மாதத்தில் தீர்ந்துவிடும். மிச்ச காலத்துக்கு என்ன பெயர் வைக்கலாம், நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஊரில் இலவசம் என்போம்.

பழைய ஹவில்தார்:
தம்பி, கணக்கு நன்றாக வருகிறது. பட்டாளத்தில் உங்களை ஸ்டோருக்குப் போட்டிருப்பார்கள்.

பெற்றோர் எல்லாரும் அடக்கமா? அவர்களின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான பஞ்சப்படியும் தாண்டினால் கார்டு கிடையாது. பையனுக்கு 25 வயது வரைதான். அதெல்லாம் உங்கள் கணக்கில் வராது. 24 வருடம் லே, பாரமுல்லா, யாழ்ப்பாணம் என்று சுற்றியவனின் முழங்காலும் அந்தக் கணக்கில் வராது. உங்கள் அப்பா எந்தப் பனியில் நின்று சர்க்கரை வாங்கினார்?

கேட்டது ஒரே கேள்வி. முப்பதாயிரம் வாங்கினார்களா இல்லையா?

வரிகட்டி:
என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். மழையில் கம்பம் ஏறியவர். அவரை இழுக்காதீர்கள்.

கம்மவான்பேட்டை மருமகள்:
எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். என் வீட்டுக்காரர் 2019-ல் நாயக்காக ஓய்வு பெற்று வந்தார். அவரிடமும் முப்பதாயிரம் பிடித்தார்கள், ரசீது பீரோவில் இருக்கிறது. அது எனக்குப் பிரச்சினையே இல்லை.

மாமியாருக்கு மாதாமாதம் இன்சுலின். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் இசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் இருபதுக்குள் டோக்கன் கிடைக்கும். அந்த இசிஎச்எஸ் கார்டைச் செருகி விரல் வைக்கச் சொல்வார்கள். இருபது வருடம் பீடி சுற்றிய கை, கட்டைவிரலில் ரேகையே இல்லை. "துடைத்துவிட்டு வையுங்கம்மா, எண்ணெய் தடவி வையுங்கம்மா" என்று நாலு தடவை. பின்னால் நிற்பவர்கள் உச் கொட்டுவார்கள். ஒப்பந்த டாக்டர் பத்தரைக்கு வருவார், எழுதுவதை நிமிர்ந்து பார்க்காமல் எழுதுவார். மருந்து ஜன்னலில் நாலு மருந்தில் இரண்டு இருக்கும். மீதி இரண்டில் பேனாவால் 'இல்லை' என்று எழுதிக் கொடுப்பார்கள்.

போன ஆடியில் மாமனாருக்கு நெஞ்சு வலி. நடு ராத்திரி. இசிஎச்எஸ் பட்டியலில் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். "இசிஎச்எஸ் பெட் காலி இல்லை, கேஷ் என்றால் இருக்கிறது" என்றார்கள். இருபதாயிரம் கட்டிய பிறகுதான் இசிஜி எடுத்தார்கள். 8,317 கோடியில் எங்கள் பங்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

பில் கவுண்டர்:
நான் வேறொரு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் பார்க்கிறேன். அக்கா சொல்வது நடக்கிறது. தப்புதான். ஆனால் ஏன் நடக்கிறது என்பதையும் கேளுங்கள்.

இசிஎச்எஸ் எங்களுக்குத் தருவது சிஜிஎச்எஸ் விலை, அதாவது மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் விலை. பெரும்பாலான அறுவை சிகிச்சைகளுக்கு 2014-ல் போட்ட விலைதான் 2025-ல் புதுப் பட்டியல் வரும்வரை ஓடியது. 2014-ல் ஒரு நர்ஸுக்கு என்ன சம்பளம், இன்று என்ன சம்பளம்? பில்லை ஏற்றினால் யூடிஐ நிறுவனத்தில் சரிபார்ப்பு. ஒரு எக்ஸ்ரே பிரிண்ட் இல்லை என்று திருப்புவார்கள், பதில் போட்டால் டிஸ்சார்ஜ் தாளில் சீல் மங்கல் என்பார்கள். எல்லாம் முடிந்து பணம் வரும்போது அதிலும் வெட்டு. மேனேஜ்மென்ட் என்ன செய்யும்? 'இசிஎச்எஸ் பெட் ஆறு போதும்' என்று வாயால் சொல்லிவிடும். எழுத்தில் எங்கேயும் இருக்காது. நாங்கள் சத்திரம் நடத்தவில்லை.

பழைய ஹவில்தார்:
வாருங்கள், உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார், நானா? விலையைப் பார்த்துத்தானே போட்டீர்கள்? அவசரம் என்று வந்தால் ரெஃபரல் இல்லாமலே சேர்த்துக்கொண்டு 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. வாசலில் 'முன்னாள் படைவீரர்களுக்கு நல்வரவு' என்று போர்டு, உள்ளே போனால் கேஷா கார்டா. கேஷ் கேட்கிற நீங்களும், இலவசம் என்கிற அவரும் ஒரே கட்சி.

மருமகளே, உங்கள் மாமனாருக்கு நடந்ததைப் பார்த்த பிறகும் இதை இலவசம் என்கிறார்களே, அதுதான் என் வயிற்றெரிச்சல். முப்பதாயிரமும் கட்டி, இருபதாயிரமும் கட்டி, அப்புறமும் இலவசம்!

பில் கவுண்டர்:
கையெழுத்துப் போட்டது என் முதலாளி. நான் 19,000 ரூபாய் சம்பளக்காரன். என்னைத் திட்டி என்ன ஆகப்போகிறது சார்.

வரிகட்டி:
மேடம் சொன்னது நியாயமான குறை. 2015-ல் வந்த தணிக்கை அறிக்கையிலேயே மருந்துத் தட்டுப்பாடும் ஆள் பற்றாக்குறையும் இருக்கிறது. ஆனால் அது நிர்வாகக் கோளாறு. இலவசமாகக் கொடுப்பது மோசமாக இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ரேஷன் அரிசியில் கல் இருந்தால் அது விலைக்கு வாங்கிய அரிசி ஆகிவிடுமா?

பழைய ஹவில்தார்:
அரிசி! 24 வருடச் சேவைக்கு அரிசி உவமை! வாழ்க.

ஜெய்சல்மேர் 91:
இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் பிஎஸ்எஃப், எல்லைப் பாதுகாப்புப் படை. ராஜஸ்தான் பாலைவனத்திலும் திரிபுரா எல்லையிலும் 26 வருடம். எங்களுக்கு இசிஎச்எஸ் கிடையாது, சிஜிஎச்எஸ்தான். அதன் மருந்தகம் எங்கள் தாலுகாவில் இல்லை, பஸ்ஸில் மூன்று மணி நேரம். என் பட்டாலியனில் 2004-க்குப் பிறகு சேர்ந்த பையன்களுக்குப் பழைய பென்ஷனும் இல்லை. பாகிஸ்தான்காரன் சுடும்போது இவன் ராணுவம், இவன் துணை ராணுவம் என்று பார்த்துச் சுடுவதில்லை. முப்பதாயிரம் கட்டச் சொல்லுங்கள், நாளைக்கே கட்டுகிறேன். உங்கள் பாலிகிளினிக்கில் என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா?

பழைய ஹவில்தார்:
உங்கள் சேவைக்கு என் சல்யூட். ஆனால் நீங்கள் உள்துறை, நாங்கள் பாதுகாப்புத் துறை. உங்களுடையது 1965 டிசம்பரில் ஆரம்பித்த படை. பட்டாளத்தோடு ஒப்பிட வேண்டாம். உங்களுக்கு 57, 60 வயது வரை வேலை. நாங்கள் நாற்பதிலேயே பெட்டியைக் கட்டினோம்.

ஜெய்சல்மேர் 91:
சல்யூட்டைக் கொடுத்துவிட்டு உடனே திருப்பி வாங்கிக்கொண்டீர்கள். 71-ல் நாங்களும் சண்டை போட்டோம், புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். நாற்பதில் வந்து பேங்கில் செக்யூரிட்டி வேலையும் கேன்டீன் கோட்டாவும் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்தால் மட்டும் மீசை முறுக்கு.

பழைய ஹவில்தார்:
கேன்டீன் சரக்கை எதற்கு இழுக்கிறீர்கள்? நான் குடிப்பதில்லை.

ஜெய்சல்மேர் 91:
குடிப்பதில்லை. சரி. கோட்டாவை என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

வரிகட்டி:
ஆளுக்கொரு அட்டவணை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். 2022-ல் வந்த அக்னிவீர் பையன்களைப் பற்றி ஒருவராவது வாய் திறந்தீர்களா? நாலு வருடம் கழித்து வெளியே வரும் முக்கால்வாசிப் பேருக்குப் பென்ஷனும் இல்லை, இசிஎச்எஸ்ஸும் இல்லை. அமெரிக்காவில் என்றால் அரசே முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரிகள் நடத்துகிறது. நாம் தனியாரிடம் அனுப்பிவிட்டு பில்லுக்கு அடித்துக்கொள்கிறோம்.

பில் கவுண்டர்:
அமெரிக்காவா சார். 2014-ல் ஃபீனிக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் பட்டியலையே மறைத்து வைத்து மாட்டினார்கள். முன்னாள் படைவீரர் துறையின் செயலாளர் ஷின்செக்கி ராஜினாமா செய்தார். அதற்கப்புறம் அவர்களும் '30 நாளுக்குள் இடம் இல்லையா, தனியாருக்குப் போ' என்று சட்டம் போட்டார்கள். கடைசியில் அங்கேயும் எங்கள் கவுண்டருக்குத்தான் வர வேண்டும்.

பழைய ஹவில்தார்:
அமெரிக்கா, அக்னிவீர், எல்லை என்று பேச்சை எங்கே கொண்டுபோனாலும் நான் விடப்போவதில்லை. 87-ல் இந்திய அமைதிப்படையில் போனபோது யாழ்ப்பாணத்தில் தொடையில் ஏறிய சில்லு இன்னும் உள்ளே இருக்கிறது. மழை வந்தால் எனக்கு முன்னாலேயே அதற்குத் தெரியும். 90 மார்ச்சில் கடைசிக் கப்பலில் வந்து சென்னையில் இறங்கினோம், வரவேற்க முதலமைச்சர்கூட வரவில்லை. அன்று மதிக்காதவர்களின் வாரிசுகள்தான் இன்று இலவசம் என்கிறார்கள்.

நல்லூரான்:
இவ்வளவு நேரமும் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தையும் வைத்தியத்தையும் ஒரே பதிவில் எழுதுகிறீர்கள், ஐயா. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் உங்கட படை புகுந்து டொக்டர்மாரையும் தாதிமாரையும் படுக்கையில் கிடந்த நோயாளிகளையும் சுட்டது. அறுபதுக்கு மேல் சனம். எங்கட சித்தப்பா ஏழாம் வார்ட்டில் பிணங்களுக்குள்ளே கிடந்து தப்பினவர். அவருக்கு எந்தக் கார்டும் இல்லை.

பழைய ஹவில்தார்:
நான் அந்த யூனிட் இல்லை. அப்போது பலாலி முகாமில் இருந்தேன். அதைப் பற்றி இங்கே பேச விருப்பமில்லை.

நல்லூரான்:
விருப்பம் இருக்காது.

நெறியாளர்:
திரி இசிஎச்எஸ் பற்றியது. அதற்குள் நில்லுங்கள். இல்லாவிட்டால் பூட்ட வேண்டிவரும்.

வரிகட்டி:
தலைப்புக்கே வருகிறேன். ஐயா, 87-ல் யாழ்ப்பாணம், மொத்தம் 24 வருடம் என்றீர்கள். எந்த ஆண்டு ஓய்வு பெற்றீர்கள்?

பழைய ஹவில்தார்:
71-ல் சேர்ந்தேன், 95-ல் வந்தேன். ஏன்?

வரிகட்டி:
அப்படியா. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு இசிஎச்எஸ் பங்களிப்பு விலக்கு. நீங்கள் முப்பதாயிரம் கட்டவில்லை. மூவாயிரமும் கட்டவில்லை. ஒரு பைசா கட்டவில்லை. இந்தத் திரியில் முப்பதாயிரத்தை இத்தனை தடவை எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான். உங்களுக்காவது இது இலவசம் என்று ஒப்புக்கொள்ளலாமே?

ஜெய்சல்மேர் 91:
சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் சிரப் வாங்க வேண்டும்.

பழைய ஹவில்தார்:
பிடித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டாம். நான் கட்டினேன் என்று எங்கே எழுதினேன்? மேலே போய்ப் பாருங்கள். 'முப்பதாயிரம் வாங்கினார்களா இல்லையா' என்றுதான் கேட்டேன். வாங்கினார்கள். என் தங்கை மகனிடம் வாங்கினார்கள், இந்த மருமகளின் வீட்டுக்காரரிடம் வாங்கினார்கள். பட்டாளத்தில் ஒருவன் கட்டினால் எல்லாரும் கட்டிய மாதிரி. அது உங்களுக்குப் புரியாது, நீங்கள் ஆள் ஆளாகப் பிரீமியம் கட்டுகிறவர்கள்.

அதோடு, நாங்கள் ஓய்வு பெற்றபோது இந்தத் திட்டமே கிடையாது. 95-லிருந்து 2003 வரை எட்டு வருடம் கைக்காசு போட்டு வைத்தியம் பார்த்தேன். அந்தக் கணக்கை யார் கொடுப்பார்கள்? எழுதி வைத்திருக்கிறேன், நோட்டு இருக்கிறது.

வரிகட்டி:
நோட்டு வேண்டாம். ரசீது இருக்கிறதா?

கம்மவான்பேட்டை மருமகள்:
ரசீது என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் போட்டோ எடுத்துப் போடுகிறேன், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். அதை விடுங்கள். மாமியாரின் இன்சுலின் மூன்று வாரமாகப் பாலிகிளினிக்கில் இல்லை. வெளியே வாங்கிப் பில் கொடுத்தால் பணம் எத்தனை நாளில் வரும்? இங்கே யாராவது வாங்கியிருக்கிறீர்களா? திங்கட்கிழமை மறுபடி போக வேண்டும்.

பழைய ஹவில்தார்:
மருமகளே, முதலில் அந்த ரசீதைப் போடுங்கள். சிலருக்குக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

வரிகட்டி:
அவர் ரசீது அவருடையது. நான் கேட்டது உங்களுடையது.

பழைய ஹவில்தார்:
கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜ் இல்லை. லைன்மேன் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாததா. முப்பதாயிரம் பற்றி இன்னும் பாக்கி இருக்கிறது. காலையில் வருகிறேன்.