புதுப்பிப்பு: நைட்ரஜன் நிறமாலையில் வந்த 8.6 முகடு

போன பதிவின் கேள்வி இது: ஹீலியம் விளக்கின் 21.22 எலக்ட்ரான் வோல்ட் (இவி, ஆற்றலின் அலகு) ஒளியை நைட்ரஜன் மீது விட்டால் 5.64 இவி ஆற்றலில் எலக்ட்ரான்கள் வர வேண்டும் (21.22 − 15.58; நைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைக் கழற்ற ஆகும் செலவு 15.58). வந்தன. கூடவே எலக்ட்ரான்களை ஆற்றல்வாரியாகக் காட்டும் நிறமாலை வரைபடத்தில் 8.6-இல் ஒரு கூர்முகடு ஏன்?

தண்ணீர்தான். நீரிலிருந்து எலக்ட்ரானைக் கழற்ற ஆகும் 12.62-ஐ 21.22-இலிருந்து கழித்தால் மிச்சம் சரியாக 8.60. சோதனை நடக்கும் வெற்றிடக் கலத்தைத் திறந்தபோது உள்ளே போனது ஐப்பசி மாதச் சென்னைக் காற்றாயிற்றே! ஈரம் எஃகுச் சுவரில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் கசியும். பம்பை மட்டும் நம்பினால் ஆகாது. 120 டிகிரியில் 24 மணி நேரம் சூடேற்றியதும் முகடு போய்விட்டது. விட்டான் (Viton) ரப்பரால் ஆன ஓ-ரிங் (கசிவை அடைக்கும் வளையம்) இருந்தால் 150-ஐத் தாண்டாதீர்கள். இனித் திறக்கும்முன் உலர் நைட்ரஜன் நிரப்புங்கள்.

ஒரு திருத்தமும் உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூறு 15.43 இவியிலேயே உடையும் என்று எழுதியது தப்பு. அங்கே எலக்ட்ரான் மட்டும் கழலும், மூலக்கூறு அயனி முழுசாக நிற்கும். புரோட்டான் தனியே வர 18.08 வேண்டும்: பிணைப்பை அறுக்க 4.48, அணுவை அயனியாக்க 13.60. 21.22 கொடுத்தும் புரோட்டான் சொற்பமே வரும். எலக்ட்ரான் பறக்கும் கணத்தில் கருக்கள் நகர்வதில்லை, 0.74 ஆங்ஸ்ட்ராம் (அணு அளவிலான நீள அலகு) இடைவெளியிலேயே நிற்கின்றன. அயனிக்குத் தோதான நீளமோ 1.06. அந்த வித்தியாசம் பெரும்பாலும் அதிர்வாகவே போய்விடுகிறது, பிணைப்பை அறுப்பதில்லை.