பிராட்லிக்காக என்ஜின்எக்ஸ் மாட்யூல் கம்பைல் பண்ணிய அனுபவம்

எங்கள் தளம் முழுக்கத் தமிழ்க் கட்டுரைகள்தான். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'கொ' என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட் ஆகிறது. அதனால் பக்கத்தை நன்றாகச் சுருக்கி அனுப்புவது எங்களுக்கு ரொம்ப முக்கியம். ஜிசிப் என்ற சுருக்கும் முறை எங்கள் வெப்சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸோடு வருகிறது. இன்னொரு சுருக்கும் முறையான பிராட்லி வேண்டுமானால் கூகுள் வெளியிட்ட மாட்யூலை (கூடுதல் பாகத்தை)ச் சேர்க்க வேண்டும்; எங்கள் சர்வரில் அது பேக்கேஜாகக் கிடைக்கவில்லை.

ஆப்ட் (உபுண்டு போன்ற லினக்ஸில் பேக்கேஜ் நிறுவும் கருவி) வழியாகச் செக்யூரிட்டி அப்டேட் வாங்கும் என்ஜின்எக்ஸைத் தூக்கிவிட்டு, சோர்ஸிலிருந்து நானே கட்டியதை (கம்பைல் பண்ணியதை) வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2016இல் வந்த என்ஜின்எக்ஸ் 1.9.11இலிருந்து மாட்யூலை மட்டும், என்ஜின்எக்ஸ் தொடங்கும்போது ஏற்றிக்கொள்ளும் தனி .எஸ்ஓ ஃபைலாகக் கட்டிக்கொள்ளலாம். அந்த வழியில்தான் போனேன்.

முதலில் 'என்ஜின்எக்ஸ் -வி' கட்டளை, ஆங்கிலப் பெரிய எழுத்து வி (V). வெர்ஷனும், அதைக் கட்டியபோது கொடுத்த கான்ஃபிகர் ஆப்ஷன்களும் வரிசையாகக் கொட்டும். அதே வெர்ஷனின் சோர்ஸை இறக்கினேன். மாட்யூலை கிட் (சோர்ஸ் கோடு இறக்கும் கருவி) வழியாக எடுக்கும்போது அதோடு இணைந்த சப்மாட்யூலையும் சேர்த்து எடுங்கள், இல்லையென்றால் பிராட்லி லைப்ரரியே வராது. பிறகு 'வித்-காம்பேட்', 'ஆட்-டைனமிக்-மாட்யூல்' கொடுத்து கான்ஃபிகர். அப்புறம் 'மேக் மாட்யூல்ஸ்' மட்டும் போதும், 'மேக் இன்ஸ்டால்' வேண்டாம். 'லோட் மாட்யூல்' வரி கான்ஃபிக்கின் தலையில், ஈவன்ட்ஸ் பிளாக்குக்கு மேலே இருக்க வேண்டும்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நாங்களும் இப்படித்தான் மாட்யூலைத் தனியாகக் கட்டி வைத்திருந்தோம். உபுண்டு 22.04இலிருந்து 24.04க்கு ஏற்றியதும் என்ஜின்எக்ஸ் எழும்பவே இல்லை. எரர் லாக்கில் 'வெர்ஷன் 1018000 இன்ஸ்டெட் ஆஃப் 1024000' என்று ஒரே வரி. மாட்யூல் 1.18.0க்குக் கட்டியது, வந்திருப்பதோ 1.24.0. லோட் வரியை கமென்ட் பண்ணித் தளத்தை எழுப்பிவிட்டு, மாட்யூலைத் திரும்பக் கட்டினோம். காம்பேட் கொடுத்தால் இது வராது என்று சிலர் சொல்கிறார்கள். அது ஆப்ஷன் வித்தியாசத்தைத்தான் பொறுத்துக்கொள்ளும், வெர்ஷன் வித்தியாசத்தை அல்ல. இப்போது தானாக அப்டேட் ஆகாமல் இருக்க ஆப்டில் என்ஜின்எக்ஸை ஹோல்டு போட்டிருக்கிறோம். புது வெர்ஷன் வந்தால் மாட்யூலை டெஸ்ட் மெஷினில் கட்டிப் பார்த்த பிறகுதான் ஹோல்டை எடுக்கிறோம்.

*

நான் வேறு வழியில் போனேன். எனக்கு வெப் நெறிமுறையின் புதிய பதிப்பான ஹெச்டிடிபி/3 தேவைப்பட்டது, அது 2023இல் என்ஜின்எக்ஸ் 1.25.0இல்தான் வந்தது. அதனால் என்க்ரிப்ஷனுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் சோர்ஸையும் சேர்த்து என்ஜின்எக்ஸை முழுதாகவே கட்டினேன். இப்படிக் கட்டினால் ஓப்பன்எஸ்எஸ்எல், என்ஜின்எக்ஸ் பைனரிக்குள்ளேயே (ஓடும் ஃபைலுக்குள்ளேயே) போய்விடும். அதில் ஓட்டை என்று அறிவிப்பு வந்தால் ஆப்ட் அப்டேட் என் என்ஜின்எக்ஸைத் தொடாது, நான்தான் திரும்பக் கட்ட வேண்டும். அதனால் ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவின் அறிவிப்பு மெயிலிங் லிஸ்டில் சேர்ந்துவிட்டேன், கான்ஃபிகர் வரியையும் ஒரு ஸ்கிரிப்டில் போட்டுவிட்டேன்.

பைனரியை மாற்றும்போது இணைப்புகள் அறுபட வேண்டியதில்லை. பழைய மாஸ்டருக்கு (ஒர்க்கர்களை நடத்தும் தலைமை ப்ராசஸுக்கு) யூஎஸ்ஆர்2 சிக்னல் கொடுத்தால் புதுசு பக்கத்திலேயே எழும்பும், ப்ராசஸ் எண் இருக்கும் பழைய பிஐடி ஃபைல் '.ஓல்டுபின்' என்று பெயர் மாறும். பழைய மாஸ்டருக்கு வின்ச் சிக்னல் கொடுத்துப் பழைய ஒர்க்கர்களை (கோரிக்கைகளைக் கையாளும் ப்ராசஸ்களை) நிறுத்தி, லாக்கைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கோளாறு என்றால் பழைய மாஸ்டருக்கு ஹப் கொடுத்து அதன் ஒர்க்கர்களை மீண்டும் கிளப்பலாம். எல்லாம் சரியாக இருந்தால் பழைய மாஸ்டருக்கு க்விட் கொடுத்துவிடுங்கள்.